மேட்டூர் முதல் மாட்ரிட் வரை... 'விடு' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை கதையா? | விளக்கம்

ஜூன் மாதம் பிறந்தாலே டெல்டா மாவட்டங்களில் ஒரே கேள்விதான். "தண்ணி விட்டாச்சா?"

மேட்டூர் அணை, கல்லணை, கொள்ளிடம், கடைமடை என்று நாம் போடும் செய்திகள் எல்லாத்துலயும் ஒரு சொல் கட்டாயம் இருக்கும். திறந்து 'விட'ப்பட்டது, தண்ணீர் 'விட' வேண்டும், தண்ணீர் 'விட' மறுப்பு. அடிக்கடி கேட்டுப் பழகிவிட்டதால் இந்தச் சொல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இதே மாதிரி ஒரு சொல் ஸ்பானிஷ் மொழியிலும் இருக்கு. 'தெஹார்' என்று சொல்வார்கள். 'மணி ஹெய்ஸ்ட்' போன்ற ஸ்பானிஷ் தொடர்களை அசல் ஒலியில் பார்த்தவர்கள் 'தேஹமே', 'தேஹலோ' என்ற சொற்களைக் கேட்டிருக்கலாம். முதலாவது 'என்னை விடு'. இரண்டாவது 'அதை விடு'.

இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன? ஒன்றுக்கொன்று உறவா? காவிரிச் செய்தியைப் படிக்கும்போது இது ஏன் தெரிஞ்சிருக்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• தமிழ் 'விடு', ஸ்பானிஷ் 'தெஹார்' இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: பிடியைத் தளர்த்துவது.

• 'தெஹார்' லத்தீன் மொழியின் 'லக்ஸாரே'யில் இருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் ரிலீஸ், ரிலாக்ஸ், லீஸ் எல்லாம் அதே குடும்பம்.

• 'விடு' திராவிட மொழிக் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் அதுவே 'பிடு'. அதாவது காவிரி விவகாரத்தில் இரண்டு மாநிலமும் ஒரே சொல்லை வைத்துத்தான் பேசுகின்றன.

• 'விட்டாச்சு' என்றால் 'வந்தாச்சு' என்று அர்த்தம் இல்லை. டெல்டா விவசாயிக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

'விடு' எத்தனை வேலை செய்யுது?

காலையில் எழுந்ததில் இருந்து கணக்கு போட்டுப் பாருங்க. கொட்டாவி விடுறோம். மாட்டை அவிழ்த்து விடுறோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விடுறோம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுது. மழை பெய்யுது, அப்புறம் மழையும் விடுது. புதுசா ஒரு ரூட்டில் பஸ் விடுறாங்க. மாடியை வாடகைக்கு விடுறோம். தலைவர்கள் அறிக்கை விடுறாங்க, சவால் விடுறாங்க. நண்பன் கதை விடுறான். செடி துளிர் விடுது, வேர் விடுது. கடைசியில் படுத்துக் குறட்டை விடுறோம்.

இதில் சில பொருள்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை மாதிரி தெரியும். பஸ் 'விட்டாங்க' என்றால் சேவை தொடங்கியது. மழை 'விட்டது' என்றால் நின்றது. உள்ளே 'விட்டாங்க' என்றால் அனுமதித்தார்கள். வேலையை 'விட்டான்' என்றால் துறந்தான்.

ஆனா எல்லாத்துக்கும் நடுவில் ஒரே படம்தான். ஏதோ ஒன்று பிடியில் இருந்தது, பிடி தளர்ந்தது. மாட்டின் கயிறு, மதகின் பலகை, வகுப்பறைக் கதவு, நெஞ்சுக்குள் இருந்த மூச்சு என்று பிடித்திருந்த பொருள் மட்டும்தான் மாறுகிறது. மழை விட்டது என்றால் மழை தன் பிடியை விட்டது. கதை விடுறான் என்றால், உண்மை என்ற கயிறு இல்லாமல் அவிழ்த்து விடுறான்.

டெல்டா வயலில் ஒரு சுவாரசியம் உண்டு. அங்கே 'தண்ணி விடுறது'ம் உண்டு, 'தண்ணி கட்டுறது'ம் உண்டு. கட்டுவதும் விடுவதும் எதிர்ச்சொல். ஆனா வயலுக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி. வாய்க்காலில் விட்டால்தான் வயலில் கட்ட முடியும்.

இலக்கணத்துக்குள்ளும் புகுந்த சொல்

'விடு' தனியாக மட்டும் வேலை செய்வதில்லை. மற்ற வினைச்சொற்களோடு ஒட்டிக்கொண்டும் வரும். இலக்கணத்தில் இதைத் துணைவினை என்பார்கள்.

'வந்தான்' என்பதற்கும் 'வந்துவிட்டான்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது தகவல். இரண்டாவதில் 'காரியம் முடிந்தது, இனி மாறாது' என்ற உறுதி சேர்ந்துகொள்கிறது. பேச்சில் அது சுருங்கி 'வந்துட்டான்' ஆகிறது. நாம் பேசும்போது சொல்லும் 'போயிடுச்சு', 'செஞ்சுடு', 'மறந்துட்டேன்' எல்லாத்துக்குள்ளும் ஒரு 'விடு' ஒளிஞ்சிருக்கு.

'அவனைவிட இவன் உயரம்' என்கிறோமே, அந்த 'விட'வும் இதே சொல்தான். அவனை ஓரமாக விட்டுப் பார்த்தால் இவன் உயரம் என்ற கணக்கு. 'வராவிட்டால்', 'இல்லாவிட்டால்' என்பதிலும் இதுவே.

பெயர்ச்சொற்களோ ஏராளம். விடுதலை, விடுமுறை, விடுதி, விடுப்பு, விடுகதை. வாக்காளர் பட்டியல் வரும்போதெல்லாம் நாம் எழுதும் 'விடுபட்ட பெயர்கள்' கூட இதே வேர். இலங்கைத் தமிழில் 'விடுப்பு' என்றால் லீவு மட்டும் இல்லை. ஊர் வம்பு, வேடிக்கை பார்க்கும் ஆவல் என்ற பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவரை 'விடுப்பு பார்க்கிறார்' என்றால், அவர் லீவு எடுக்கவில்லை. அடுத்தவர் சமாசாரத்தை எட்டிப் பார்க்கிறார்!

விடு எப்படி 'வீடு' ஆனது?

கெடு - கேடு, சுடு - சூடு, படு - பாடு, பெறு - பேறு. வினைச்சொல்லின் முதல் எழுத்து நீண்டு பெயர்ச்சொல் ஆகும் இந்த வகைக்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அந்தப் பட்டியலில் விடு - வீடு என்பதும் உண்டு.

அதனால்தான் 'வீடு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, நாம் குடியிருக்கும் வீடு. இன்னொன்று, அறம், பொருள், இன்பம் என்ற மூன்றுக்கும் அடுத்து வரும் வீடுபேறு, அதாவது பற்றுகளில் இருந்து விடுதலை.

குடியிருக்கும் வீட்டுக்கும் விடுவதற்கும் என்ன சம்பந்தம்? பழைய வழக்கில் படை தங்கும் இடத்துக்குப் பாடிவீடு, படைவீடு என்று பெயர். நடையை விட்டு இளைப்பாறும் இடம். கும்பகோணம் பக்கத்து சுவாமிமலையை முருகனின் அறுபடைவீடுகளில் ஒன்று என்கிறோமே, அந்தப் 'படைவீடு' இதுதான்.

திருவிடைமருதூரில் 'விட்ட' கதைகள்

இந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஊர், தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர். காவிரித் தென்கரையில், கும்பகோணத்தில் இருந்து மயிலாடுதுறை போகும் பாதையில் இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள மகாலிங்கசுவாமி கோயில்தான் ஊரின் அடையாளம்.

கோயிலின் தல வரலாற்றில் வரகுண பாண்டியன் வருகிறார். அவர் குதிரையில் போகும்போது தெரியாமல் ஓர் அந்தணர் இறந்துபோக, பிரம்மஹத்தி தோஷம் மன்னனைப் பிடித்துக்கொண்டதாம். இந்தக் கோயிலின் கிழக்கு வாசல் வழியாக அவர் உள்ளே போனதும் தோஷம் வாசலிலேயே அவரை விட்டது, அவர் வேறு வாசல் வழியாக வெளியேறினார் என்பது கதை. இன்றும் இங்கே வருகிறவர்கள் வந்த வழியே திரும்பாமல் வேறு வாசல் வழியாகப் போகும் வழக்கம் இருக்கிறது. 'பிடிச்சது விட்டுச்சு' என்று டெல்டாவில் சாதாரணமாகச் சொல்வோமே, அதன் கோயில் வடிவம் இது.

இன்னொரு கதை பட்டினத்தாரும் பத்திரகிரியாரும். இருவரும் இந்தக் கோயிலின் ஆளுக்கொரு கோபுர வாசலில் இருந்தார்கள் என்பது மரபு. பத்திரகிரியார் அரச பதவியையே விட்டுவிட்டு வந்தவர். ஆனால் கையில் ஒரு பிச்சை ஓடு, கூடவே ஒரு நாய். பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், 'அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறார், அவரிடம் கேள்' என்று கைகாட்டினாராம். நாட்டை விட்டவரால் ஓட்டை விட முடியவில்லை என்று சுட்டிக்காட்டிய கதை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். திருவிடைமருதூர் என்ற பெயரில் 'விடை' என்று காதில் விழுவதால் அதையும் 'விடு'வோடு சேர்த்துவிடக் கூடாது. அது திரு + இடைமருதூர். நடுவில் வரும் 'வ்' இரண்டு உயிர் ஒலிகளைச் சேர்க்க வந்த உடம்படுமெய், அவ்வளவுதான். வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, தெற்கே திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் இது இடைமருது என்று சொல்வது வழக்கம். தல மரமும் மருது. ஒலி ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இந்த ஊர்ப் பெயரே நல்ல உதாரணம். இந்த எச்சரிக்கை கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தேவைப்படும்.

இப்போ ஸ்பெயினுக்குப் போவோம்

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சொற்களில் ஒன்று 'தெஹார்'. அகராதியைத் திறந்தால் பொருள் நீண்டுகொண்டே போகும். தமிழர்களுக்கு மட்டும் அது அவ்வளவு கஷ்டமாகத் தெரியாது. காரணம், பெரும்பாலான இடங்களில் 'விடு' என்று போட்டாலே வாக்கியம் சரியாக உட்கார்ந்துவிடும்.

'சாவியை வீட்டுலயே விட்டுட்டேன்' - தெஹார்.

'உள்ளே விடு' - தெஹார்.

'வேலையை விட்டுட்டான்' - தெஹார்.

'அப்பா பிள்ளைகளுக்குச் சொத்து விட்டுட்டுப் போனார்' - தெஹார்.

'என்னை நிம்மதியா விடு' - தேஹமே என் பாஸ்.

'மழை விட்டுடுச்சு' என்பதற்கு 'தெஹோ தெ யோவேர்' என்பார்கள். நேராகச் சொன்னால் 'பெய்வதை விட்டது'. சிகரெட்டை விடுவதும் அப்படியே: 'தெஹார் தெ ஃபுமார்', புகைப்பதை விடுவது.

துணைவினையாகவும் இது வேலை செய்யும். ஒரு கடிதத்தை எழுதி முடித்த நிலையில் வைத்துவிட்டு வந்தால், ஸ்பானிஷிலும் எழுதிய நிலையில் 'விட்டேன்' என்று தெஹாரைச் சேர்ப்பார்கள். நம்ம 'எழுதிட்டேன்'க்கு ரொம்ப பக்கம்.

எல்லாமே ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பானிஷ்காரர்கள் தெஹாரைப் போட்டுக் கொட்டாவி விட மாட்டார்கள், பட்டம் விட மாட்டார்கள், ரீலும் விட மாட்டார்கள். பதிலுக்கு, நண்பரிடம் 'காரைக் கொஞ்சம் இரவல் தர்றியா' என்று கேட்க அவர்கள் தெஹாரைப் பயன்படுத்துவார்கள். நாம் காரை வாடகைக்கு விடுவோம், ஆனால் இரவலுக்கு 'விட' மாட்டோம், கொடுப்போம்.

லத்தீனில் இருந்து வந்த பாதை

லத்தீனில் 'லக்ஸுஸ்' என்றால் தளர்வான, இறுக்கம் இல்லாத என்று பொருள். அதில் இருந்து வந்த வினைச்சொல் 'லக்ஸாரே', தளர்த்துவது. கயிற்றைத் தளர்த்துவது, கட்டை அவிழ்ப்பது.

ரோமப் பேரரசு சிதறிய பிறகு பேச்சு லத்தீன் ஊருக்கு ஊர் மாறியது. இந்தச் சொல் பிரெஞ்சில் 'லெசே' ஆனது, இத்தாலியில் 'லஷ்ஷாரே' ஆனது, போர்ச்சுகீசில் 'தெய்ஷார்' ஆனது. பழைய ஸ்பானிஷில் 'லெஷார்' என்று இருந்தது. பிறகு முதல் எழுத்து 'ல' மாறி 'த' வந்தது. அந்த மாற்றம் ஏன் என்பதில் மொழியியலாளர்களிடையே ஒரே கருத்து இல்லை.

நடுவில் இருந்த 'ஷ' பின்னால் தொண்டையில் இருந்து வரும் 'ஹ' ஆக மாறியது. இது இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்தது இல்லை. செர்வாண்டிஸின் நாவல் நாயகனை ஸ்பானிஷ்காரர்கள் இன்று 'டான் கீஹோத்தே' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ இன்னும் 'கிஷோத்' என்கிறார்கள். பழைய 'ஷ' ஒலி பிரெஞ்சில் தங்கிவிட்டது, ஸ்பெயினில் மாறிவிட்டது.

'லக்ஸாரே'யின் பிள்ளைகள் ஆங்கிலம் வழியாக நம்ம ஊருக்கும் வந்துட்டாங்க. படம் 'ரிலீஸ்' ஆகுது. ஞாயிற்றுக்கிழமை 'ரிலாக்ஸ்' பண்றோம். மருந்துக் கடையில் கேட்கும் 'லாக்ஸேட்டிவ்', தமிழில் மலமிளக்கி. இளக்குவது, தளர்த்துவது, அதே பொருள்தான். நிலத்தை 'லீஸ்'க்கு விடுறோம்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்க. லீஸ் என்றாலும் வேரில் 'விடுவது'. நாம் அதையும் 'லீஸுக்கு விடுறோம்' என்கிறோம். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்து, கடைசியில் ஒரே வாக்கியத்தில் சந்தித்துக்கொண்டன.

அப்போ தமிழும் லத்தீனும் உறவா?

இங்கேதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் விளையாடும். 'விடு' ஸ்பெயினுக்குப் போய் 'தெஹார்' ஆனது என்று ஒரு மெசேஜ் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. அது உண்மை இல்லை. பொருள் ஒன்றாக இருக்கிறது, வேர் வேறு. தெஹார் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம். விடு திராவிட மொழிக் குடும்பம்.

ஒலி ஒற்றுமையும் ஏமாற்றும். 'விதவை' என்ற சொல்லைக் கேட்டால் 'விட்டுப் போனவர், விடப்பட்டவர்' என்று 'விடு'வோடு இணைக்கத் தோன்றும். ஆனால் அது சமஸ்கிருதத்தில் இருந்து வந்த சொல். லத்தீனின் 'விதுவா', ஆங்கிலத்தின் 'விடோ' எல்லாம் அதற்குத்தான் சொந்தம். 'விடு'வுக்கு இல்லை. திருவிடைமருதூர்ப் பெயரில் பார்த்த அதே கண்ணி.

உண்மையில் லத்தீனும் தமிழும் சந்தித்த இடம் ஒன்று டெல்டாவிலேயே இருக்கு. திருவிடைமருதூரில் இருந்து ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை தாண்டிக் கிழக்கே போனால் வரும் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார். 1716-ல் அது ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அதற்குப் பிறகு, இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலேயே அச்சிடப்பட்டது. செய்யுள் தமிழைத் தாண்டி, ஜனங்கள் பேசும் தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று எடுத்து எழுதிய ஆரம்ப நூல்களில் ஒன்று அது. 'வந்துட்டான்' போன்ற வடிவங்களைக் கொச்சை என்று ஒதுக்காமல் ஆராய வேண்டும் என்று இன்று நாம் நினைப்பதற்கு இப்படிப்பட்ட நூல்களும் ஒரு காரணம்.

நிஜமான உறவுக்காரர் பக்கத்து மாநிலத்தில்!

'விடு'வின் சொந்தக்காரரைத் தேடி ஸ்பெயின் போக வேண்டியதே இல்லை. பெங்களூரு போனால் போதும்.

தமிழில் 'வ'வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப'வில் தொடங்கும் ('பிஸ்கட்' என்பதில் வரும் அழுத்தமான ப). நம்ம 'வா' அங்கே 'பா'. நம்ம 'வேண்டும்' அங்கே 'பேக்கு'. அதே கணக்கில் நம்ம 'விடு' அங்கே 'பிடு'. மலையாளத்தில் 'விடுக', தெலுங்கில் 'விடுசு'. டி.பர்ரோவும் எம்.பி.எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக வைக்கிறது.

'விடு - வீடு' மாதிரியே கன்னடத்திலும் 'பிடு - பீடு'. ஹொய்சாளர் தலைநகரமாக இருந்த ஹளேபீடு என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அந்த 'பீடு'தான். பழைய படைவீடு என்று தமிழில் சொல்லலாம்.

நம் காதுக்கு ஒரு குழப்பம் வரும். கன்னடத்தில் 'பிடு' என்றால் நமக்குப் 'பிடி' மாதிரி கேட்கும். பொருளோ நேர் எதிர்! நம்ம 'பிடி'க்குக் கன்னடத்தில் 'ஹிடி'. அங்கே பழைய 'ப' பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது. பால் என்பது ஹாலு ஆன மாதிரி.

இப்போ காவிரிக்கு வருவோம். தமிழில் 'தண்ணீர் விட வேண்டும்' என்று கோஷம். கன்னடத்தில் தண்ணீர் திறப்புக்கு 'நீரு பிடுகடெ' என்று செய்தி. 2023 செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி திறக்க வேண்டும் என்ற காவிரி மேலாண்மை ஆணையத்தின் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதை எதிர்த்து அந்த மாதம் 26-ம் தேதி பெங்களூருவிலும் 29-ம் தேதி கர்நாடகா முழுவதும் பந்த் நடந்தது. அதே நேரத்தில் டெல்டாவில் தண்ணீர் கேட்டுப் போராட்டம். 'விடு' என்று இங்கேயும் 'பிடக்கூடாது' என்று அங்கேயும் கேட்ட குரல்களுக்கு நடுவில் இருந்தது ஒரே தாய் பெற்ற ஒரே சொல்.

'விட்டவர்' யார், 'விட' வேண்டியவர் யார்?

'விடு' என்று சொன்னாலே ஒரு கை பிடித்திருக்கிறது என்று ஆகிவிடும். இதை டெல்டா நிலத்திலும் பார்க்கலாம்.

நிலத்தைக் குத்தகைக்கு 'விட்டவர்' உரிமையாளர். அவர் சொல்லும்போது நிலத்தை 'விட' வேண்டியவர் குத்தகைதாரர். சாகுபடி செய்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுக்க 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் இன்னொரு சட்டம் வந்தது. 'விடு' என்ற ஒரு சொல்லால் மட்டும் ஒருவர் நிலம் போய்விடக் கூடாது என்பதுதான் இவற்றின் சாரம். வாய்ப்பேச்சாக விட்ட நிலம் என்றால் இன்றும் சிக்கல்தான். பதிவில் பெயர் விடுபட்டிருந்தால், உழுதவர் தன் உரிமையை நிரூபிப்பது கஷ்டம்.

தண்ணீரிலும் இதேதான். 'கர்நாடகா தண்ணீர் விட்டது' என்று எழுதும்போது, பிடித்திருந்தவர் தன் விருப்பத்துக்குத் தளர்த்திய மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

காவிரி நடுவர் மன்றம் 1991-ல் கொடுத்த இடைக்கால உத்தரவு, கர்நாடகா தண்ணீர் திறக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஜூன் முதல் மே வரையிலான ஓராண்டில் மேட்டூருக்கு 205 டிஎம்சி கிடைப்பதை உறுதி செய்யும் அளவுக்குத் திறக்க வேண்டும் என்றது. அதாவது, அளவுகோல் விட்ட இடத்தில் இல்லை, வந்து சேரும் இடத்தில். 2007 இறுதித் தீர்ப்பு 192 டிஎம்சி என்றது. அளக்கும் இடம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. மாதவாரியாகவும் கணக்கு உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டிஎம்சி.

ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 5,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் 43.2 கோடி கன அடி. அரை டிஎம்சிகூட ஆகாது. ஆகஸ்டு மாதப் பங்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், '5,000 கன அடி விடப்பட்டது' என்ற தலைப்பு எவ்வளவு பெரிய செய்தி, எவ்வளவு சின்னச் செய்தி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

'விட்டாச்சு' வேற, 'வந்தாச்சு' வேற

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைக்காக ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். 2022-ல் நீர் இருப்பு நன்றாக இருந்ததால் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாததால் ஜூலை 28-ம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறுவைக்கு அந்த ஒன்றரை மாதம் என்பது கிட்டத்தட்ட பாதிப் பருவம்.

மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே ஷட்டர் திறக்க வழக்கமாக மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால், மதகு. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், எந்த மதகை எப்போது திறப்பது என்று லஸ்கர் வந்து பலகையைத் தூக்கும்வரை காத்திருக்கணும். தூர்வாராத வாய்க்கால் என்றால் இன்னும் தாமதம். தலைமடையில் நாற்று நட்டு முடியும் நேரத்தில் கடைமடையில் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் இலக்கணம் இங்கே நம்மை அறியாமல் ஏமாற்றுகிறது. 'விட்டுவிட்டார்கள்' என்பதில் 'காரியம் முடிந்தது' என்ற உறுதி இருக்கு என்று மேலே பார்த்தோம். அதனால் 'மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்' என்று கேட்டதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று மனசு நினைத்துக்கொள்கிறது. முடிந்தது மதகின் வேலை மட்டும்தான்.

அடுத்த முறை தண்ணீர்ச் செய்தி பார்க்கும்போது...

மூன்று விஷயம் கவனிங்க.

ஒன்று, யார் விட்டது? 'விடப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அது கிருஷ்ணராஜசாகரா, கபினியா, மேட்டூரா, கல்லணையா என்று தேடுங்க. நான்கும் நான்கு வேறு செய்தி.

இரண்டு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு? கன அடி என்பது வேகம், டிஎம்சி என்பது மொத்த அளவு. நாள் கணக்கு தெரியாமல் ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது.

மூன்று, எங்கே அளந்தது? பிலிகுண்டுலுவில் வந்த அளவும், மேட்டூருக்கு வந்த அளவும், உங்க ஊர் மதகைத் தாண்டிய அளவும் ஒன்றாக இருக்காது.

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத 'தண்ணீர் விடப்பட்டது' செய்தி பாதிச் செய்திதான். மீதிப் பாதி, கடைமடை வயலில் தண்ணி கட்டும்போதுதான் முடியும்.